மறுபடியும் பிறத்தல்: தல்ஸ்தோயின் காத்யூஷா, தஸ்தயேவ்ஸ்கியின் லிசவேத்தா

எங்கள் ஊரில் வருஷாவருஷம் மே மாதக் கடைசியில் மூன்று நாள் கன்வென்ஷன் நடக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், வரிசையாக டியூப் லைட், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பிரித்து விரித்த பாய்கள். இரண்டாம் நாள் ராத்திரி சாட்சி சொல்லும் நேரம். என் சித்தப்பா தவறாமல் மேடையேறுவார். தான் இரட்சிக்கப்பட்ட தேதி, கிழமை, மணி எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்கு முந்தைய வாழ்க்கையை விலாவாரியாகச் சொல்வார். குடித்தது, சீட்டாடியது, சித்தியின் வளையலை விற்றது, ஒரு கிறிஸ்துமஸ் இரவில் அவள் கையை உடைத்தது. கை உடைந்த இடம் வரும்போது பந்தலில் சத்தமே இருக்காது. அடுத்து குரலைத் தழைத்து, அந்தப் பழைய மனுஷன் செத்துவிட்டான் என்பார். அல்லேலூயா எழும்பும்.

சித்தி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருஷம், கூட்டம் முடிந்து வரப்பு வழியே வீட்டுக்கு நடந்தபோது அவளிடம் கேட்டேன், சித்தப்பா பேசும்போது உங்களுக்கு என்ன தோணும் என்று. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவள் சொன்னாள்: "அவுக புதுசாப் பொறந்துட்டாக. சரி. நான் பழைய ஆளாத்தான இருக்கேன் ஐயா."

அப்போது அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சில வருஷம் கழித்து தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' நாவலையும் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலையும் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தபோது சித்தியின் அந்த வாக்கியம் கூடவே வந்தது. இரண்டு நாவல்களும் ஒரு மனிதன் மறுபடியும் பிறப்பதில் முடிகின்றன. இரண்டிலும் அவனுடைய பழைய வாழ்க்கையின் அடியை வாங்கிக்கொண்டவள் ஒரு பெண். அவன் புதிதாகப் பிறந்த பிறகு அவளுக்கு என்ன ஆகிறது? இந்தக் கேள்வியோடு படித்தால் இரண்டு நாவல்களும் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகின்றன.

1

முதலில் மூலத்துக்குப் போய்விடலாம். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். நிக்கொதேமு பரிசேயன், யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் ஒருவன், படித்தவன், வயதானவன். இரவில் இயேசுவிடம் வருகிறான். மரியாதையோடு பேச்சைத் தொடங்குகிறான். இயேசு அந்த மரியாதைக்குப் பதில் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார். மறுபடியும் பிறக்காதவன் கடவுளின் அரசைக் காண முடியாது என்கிறார். நிக்கொதேமுவுக்குப் புரியவில்லை. வயதானவன் எப்படித் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போக முடியும் என்று கேட்கிறான்.

இந்தக் கேள்வியை ஞாயிறு பள்ளியில் ஒரு அசட்டுக் கேள்வியாகத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது அசட்டுக் கேள்வி அல்ல. யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'ஆனோதென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். அதே நற்செய்தியில் இயேசுவின் தையலில்லாத அங்கி மேலிருந்து நெய்யப்பட்டது என்று வரும் இடத்திலும் இதே சொல்தான். இயேசு இரண்டு பொருளிலும் பேசுகிறார். நிக்கொதேமு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறான். தமிழில் 'மறுபடியும்' என்று மொழிபெயர்த்தபோது நாமும் நிக்கொதேமுவின் பக்கம் போய்விட்டோம். மேலிருந்து என்ற பாதி உதிர்ந்துவிட்டது.

அடுத்து இன்னொரு சிலேடை. காற்று தன் விருப்பப்படி வீசுகிறது, சத்தம் கேட்கிறது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிவதில்லை, ஆவியால் பிறந்தவனும் அப்படியே என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல், 'ப்நெவ்மா'. தமிழ் 'ஆவி'யில் மூச்சு உண்டு, உயிர் உண்டு, இட்லிப் பானையின் ஆவியும் உண்டு. ஆனால் தெருவில் வீசும் காற்றை ஆவி என்று நாம் சொல்வதில்லை. அதனால் நம் வேதாகமத்தில் காற்றும் ஆவியும் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

தமிழ்க் காதுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மறுபிறப்பு என்றதும் நமக்கு வினைப்பயனும் பிறவிச் சுழலும்தான் ஞாபகம் வரும். நம் மரபில் திரும்பப் பிறப்பது நோய், பிறவி அறுவதே மருந்து. யோவானில் திரும்பப் பிறப்பதுதான் மருந்து. அங்கே செத்த பிறகு இன்னொரு உடலில் பிறப்பதில்லை, இந்த உடலிலேயே, இந்த வயதிலேயே பிறக்க வேண்டும். அதைத் தானே செய்துகொள்ளவும் முடியாது. யாரும் தன்னைத் தானே பெற்றுக்கொள்வதில்லை. பிறப்பு என்பது நமக்கு நடப்பது. எத்தனையோ உவமைகள் சொன்னவர் இங்கே 'திருந்து' என்றோ 'முயற்சி செய்' என்றோ சொல்லாமல் 'பிற' என்று சொன்னதன் கனம் இதில்தான் இருக்கிறது.

திருச்சபை இதைப் பல விதமாகப் புரிந்துகொண்டது. பழைய சபைகளுக்கு ஞானஸ்நானத் தண்ணீரே மறுபிறப்பு. குழந்தைக்கும் அது நடக்கலாம், தனக்கு நடப்பது குழந்தைக்குத் தெரிய வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு எழுப்புதல் இயக்கங்களுக்குப் பிறகு அது தேதி சொல்லக்கூடிய அனுபவமாகவும் ஆனது. 1738 மே 24 அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் தன் இதயம் அனலானதை ஜான் வெஸ்லி நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சித்தப்பாவின் தேதியும் மணியும் அந்த வழி வந்தவைதான். அதில் தப்பில்லை. ஆனால் தேதி கிடைத்ததும் அது சொந்தச் சொத்தாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

நிக்கொதேமுவுக்குத் தேதி கிடையாது. அவன் மறுபடியும் பிறந்தானா என்று யோவான் சொல்வதே இல்லை. ஏழாம் அதிகாரத்தில் ஒருமுறை வந்து, ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று சக தலைவர்களிடம் கேட்டு ஏச்சு வாங்குகிறான். பிறகு சிலுவையடியில் வருகிறான், சுமார் நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் கலந்து எடுத்துக்கொண்டு. சீடர்கள் சிதறிவிட்ட நேரத்தில், இனி எந்தப் பயனும் தர முடியாத ஒரு பிணத்துக்காக வருகிறான். அவன் வாயிலிருந்து சாட்சியாக ஒரு வார்த்தை கூட இல்லை. தூக்கி வந்த சுமை மட்டும் இருக்கிறது.

2

'புத்துயிர்ப்பு' நாவலின் ரஷ்யத் தலைப்பு 'வஸ்க்ரெசேனியே'. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலுக்கான சொல் அது. ஞாயிற்றுக்கிழமைக்கு ரஷ்யர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதே சொல். ரா. கிருஷ்ணையா தமிழில் மொழிபெயர்த்தபோது 'உயிர்த்தெழுதல்' என்ற தேவாலயச் சொல்லை விட்டுப் 'புத்துயிர்ப்பு' என்று வைத்தார். நல்ல தலைப்புதான். ஆனால் கல்லறையின் வாசனை அதில் இல்லை.

கதையின் விதை 1887இல் விழுந்தது. சட்ட வல்லுநர் அனத்தோலி கோனி யாஸ்னயா பல்யானாவுக்கு வந்திருந்தபோது தன் அனுபவத்தில் கண்ட ஒரு வழக்கைச் சொன்னார். திருட்டு வழக்கில் சிறைப்பட்ட ஒரு விலைமகளை மணந்துகொள்ள அனுமதி கேட்டு ஒரு இளைஞன் வந்தான். அவளை முதலில் கெடுத்தவன் அவன்தான். கல்யாணம் நடக்குமுன் அவள் சிறையிலேயே டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனாள். தல்ஸ்தோய் இதைக் 'கோனியின் கதை' என்றே பல வருஷம் குறிப்பிட்டு, எழுதியும் நிறுத்தியும் 1899இல் முடித்தார். துகபோர் என்ற ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவப் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயரப் பணம் தேவைப்பட்டது, அதற்காகத்தான் முடித்தார். இதை அவரால் விடமுடியாமல் போனதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. இளமையில் உறவினர் வீட்டுப் பணிப்பெண் காஷாவைக் கெடுத்ததையும், அவள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதையும் முதிய வயதில் தன் வாழ்க்கை வரலாற்றாசிரியர் பிர்யுக்கோவிடம் அவரே சொன்னார்.

நாவலில் அந்த இளைஞன் இளவரசன் நெஹ்லூதவ். ஜூரியாக நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவள் காத்யூஷா மாஸ்லவா. பத்து வருஷத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது, ஆனால் அவளுடைய லேசான மாறுகண் மாறவில்லை. அவனுக்கு அடையாளம் தெரிகிறது. கொல்லும் எண்ணமில்லாமல் என்ற ஒரு சொற்றொடரைத் தீர்ப்பில் எழுத ஜூரிகள் மறந்துவிடுகிறார்கள். நாலு வருஷம் கடுங்காவல், சைபீரியா. யாருக்கும் அவள்மேல் விரோதம் இல்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், அவ்வளவுதான்.

இந்த நாவலில் உயிர்த்தெழுதல் முதன்முதலில் வருவது ஈஸ்டர் நள்ளிரவு ஆராதனையில். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று சொல்லி மும்முறை முத்தமிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். காத்யூஷா வெள்ளை உடையில் இருக்கிறாள், கறுத்த கூந்தலில் சிவப்பு முடிச்சு. ஒரு பிச்சைக்காரன் வருகிறான். மூக்கிருந்த இடத்தில் சிவந்த பொருக்குதான் இருக்கிறது. அவள் கொஞ்சமும் அருவருக்காமல் அவனுக்குக் கொடுத்துவிட்டு மூன்று முறை முத்தமிடுகிறாள். நெஹ்லூதவ் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த இரவு அவளைக் கெடுக்கிறான். வெளியே மூடுபனிக்குள் ஆற்றின் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போகும்போது நூறு ரூபிள் நோட்டை அவளிடம் திணித்துவிட்டுப் போகிறான்.

அதன் பிறகு ரயில் நிலையக் காட்சி. இலையுதிர்கால இரவு, மழை, காற்று. கர்ப்பிணியான காத்யூஷா அவனைப் பார்க்க ஓடி வருகிறாள். முதல் வகுப்புப் பெட்டியில் விளக்கு வெளிச்சத்தில் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிகிறது. தட்டுகிறாள். ரயில் நகர்கிறது. மேடை முடியும் வரை கூடவே ஓடுகிறாள். அந்த இரவோடு கடவுள்மேலும் நன்மைமேலும் இருந்த நம்பிக்கை அவளுக்குப் போய்விட்டது என்கிறார் தல்ஸ்தோய். பிச்சைக்காரனை முத்தமிட்டவளுக்குள் ஈஸ்டர் அணைந்துபோன இடம் இது. தல்ஸ்தோய் எழுதியவற்றிலேயே கொடூரமான பக்கங்கள் என்று நான் இவற்றைத்தான் சொல்வேன். போர்க்களம் கூட இதற்குப் பிறகுதான்.

தீர்ப்பு நாள் இரவில் நெஹ்லூதவுக்குள் ஏதோ அசைகிறது. ஆன்மாவைத் துப்புரவு செய்வது என்று அவனே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். இது முதல் முறையும் அல்ல. முன்பும் சில தடவை துப்புரவு செய்து, தினசரிக் கடமைகள் எழுதி, மறுபடி அழுக்கானவன். இந்த முறை பிரார்த்தனை செய்து அழுகிறான். தல்ஸ்தோய் இங்கே ஒரு காரியம் செய்கிறார், அதற்காகவே அவரைக் கும்பிடலாம். அந்தக் கண்ணீர் நல்ல கண்ணீரும்தான், கெட்ட கண்ணீரும்தான் என்கிறார். உள்ளே ஒருவன் விழித்துக்கொண்டதற்காக அழுதது நல்லது. தன் நல்லதனத்தைக் கண்டு தானே உருகியது கெட்டது. சித்தப்பா மேடையில் அழும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் ஞாபகம் வரும். நியாயமாகச் சொல்வதானால், நானே என்னைக் குறித்து உருகும்போதும் வரும்.

சிறைக்குப் போய் அவளை மணந்துகொள்வதாகச் சொல்கிறான். பாவத்தைக் கழுவ வேண்டும் என்கிறான். குடித்திருந்த காத்யூஷா வெடிக்கிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்து சுகப்பட்டாய், இப்போது மறு உலகத்துக்கும் என்னை வைத்தே உன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாயா என்று கேட்கிறாள். உன் கண்ணாடி, உன் கொழுத்த முகம் எல்லாமே அருவருப்பு என்கிறாள்.

கிறிஸ்தவ மறுபிறப்பைக் குறித்து நாவல் இலக்கியம் எழுப்பிய மிகக் கூர்மையான ஆட்சேபம் இதுதான் என்று நினைக்கிறேன். எழுப்புவது நாத்திகன் அல்ல, தத்துவவாதி அல்ல. அடிபட்டவள். ஒருவனுடைய மீட்சிக்கு இன்னொருத்தி கருவியாக வேண்டுமா? அவன் ஒரு தடவை உடம்பைப் பயன்படுத்தினான், இரண்டாம் தடவை அவளுடைய துயரத்தைப் பயன்படுத்துகிறான். சித்தியின் உடைந்த கை வருஷாவருஷம் மேடையேறுவதும் இதுதானே.

நெஹ்லூதவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அவன் அழுதுவிட்டு நிற்கவில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் அதிகாரிகளின் வரவேற்பறைகளில் அலைகிறான், நிலத்தை விவசாயிகளுக்கு விட ஏற்பாடு செய்கிறான், கைதிகளின் வண்டித்தொடரைத் தொடர்ந்து சைபீரியா வரை போகிறான். அந்த அலைச்சலில் அவனும் மாறுகிறான்.

ஆனால் நாவலில் உண்மையில் உயிர்த்தெழுபவள் காத்யூஷா. அது சத்தமில்லாமல் நடக்கிறது. குடியை விடுகிறாள். சிறை மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அங்கே மருத்துவ உதவியாளனோடு அவளுக்குத் தொடர்பென்று ஒரு பொய்ப் பழி வருகிறது. தன்னைத் தொட வந்தவனை அவள் தள்ளிவிட்டதுதான் நடந்தது. நெஹ்லூதவ் பழியை நம்பிவிடுகிறான். அவள் விளக்கம் சொல்ல வாயெடுத்து, நம்பமாட்டான் என்று தெரிந்து நிறுத்திக்கொள்கிறாள். புதிதாகப் பிறந்ததாக நினைப்பவன் அவளைப் பழைய ஆளாகவே பார்க்கிறான்! சைபீரியப் பாதையில் அரசியல் கைதிகளோடு சேர்ந்து நடக்கும்போது மரியா பாவ்லவ்னாவிடமிருந்தும் சிமன்சனிடமிருந்தும் அவளுக்குக் கிடைப்பது வேறு மாதிரியான பார்வை. சிமன்சன் அவளுடைய கடந்தகாலத்தை வைத்து எதையும் கழுவ வரவில்லை. இப்போது இருப்பவளை அவனுக்குப் பிடித்திருக்கிறது.

தண்டனை குறைக்கப்பட்ட செய்தி வரும்போது நெஹ்லூதவை மறுத்து சிமன்சனோடு போவதாகச் சொல்கிறாள். நெஹ்லூதவைத்தான் நேசிக்கிறாள், அவனைக் கட்டிப்போடக் கூடாதென்றே விலகுகிறாள் என்று அவனுக்கும் நமக்கும் புரிகிறது. முன்பு அவன் கொடுத்தது நூறு ரூபிள். இப்போது அவள் கொடுப்பது விடுதலை. யார் யாரை மீட்கிறார்கள்?

இதோடு நாவல் முடிந்திருக்கலாம். தல்ஸ்தோய் முடிக்கவில்லை. நெஹ்லூதவ் அறைக்கு வந்து மத்தேயு நற்செய்தியைத் திறக்கிறான். மலைப்பிரசங்கத்தில் ஐந்து கட்டளைகளைக் கண்டெடுத்து, புது வாழ்க்கை தொடங்கியது என்று உணர்கிறான். 1900 ஜனவரியில் மென்ஷிகவுக்கு எழுதிய கடிதத்தில் செகாவ் இந்த முடிவை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு கடைசியில் ஒரு வேத வசனத்தில் கணக்கை முடிப்பது இறையியல்தனமானது, வசனம் ஏன் நற்செய்தியிலிருந்து வரவேண்டும், குர்ஆனிலிருந்து வரக்கூடாதா என்பது அவர் கேள்வி. நெஹ்லூதவ்–காத்யூஷா உறவுதான் நாவலில் சுவாரசியம் குறைந்தது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

முடிவைப் பற்றி அவர் சொன்னது சரி. உறவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. முடிவு சறுக்குவதே அந்த உறவு அத்தனை உண்மையாக இருப்பதால்தான். உயிர்த்தெழுதலை நாம் சற்று முன்புதான், மாறுகண்ணால் ஒருமுறை பார்த்து மன்னிப்புக் கேட்டுப் பிரிந்த ஒருத்தியிடம் பார்த்துவிட்டோம். தல்ஸ்தோய் அவளை அனுப்பிவிட்டு, புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு உயிர்த்தெழுதலைக் கொடுக்கிறார். அதுவும் கட்டளைகளாக. பிறப்பை அவர் கீழ்ப்படிதலாக ஆக்கிக்கொண்டார். மேலிருந்து வருவது எதுவும் அவருக்கு வேண்டாம். சிறைக்கோவில் ஆராதனையைக் கேலி செய்து இதே நாவலில் எழுதினார், 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது. திருச்சபையோடு அவருக்கிருந்த சண்டை நியாயமானது. ஆனால் நிக்கொதேமுவிடம் சொல்லப்பட்ட காற்று அந்தக் கடைசி அத்தியாயத்தில் வீசவில்லை.

3

தஸ்தயேவ்ஸ்கி எதிர்த் திசையிலிருந்து வருகிறார். 1849 டிசம்பர் 22 அன்று சுடப்படுவதற்காக மைதானத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நிமிஷத்தில் உயிர் திரும்பக் கிடைத்தவர். பிறகு ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருஷம். போகும் வழியில் தபோல்ஸ்கில், நாடுகடத்தப்பட்ட டிசம்பர் புரட்சியாளர்களின் மனைவிமார் கொடுத்த புதிய ஏற்பாடு அவர் கூடவே இருந்தது. உயிர் என்பது தரப்படுவது என்று அவருக்கு யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

1866இல் வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நடுவில், சோனியா ரஸ்கோல்னிகோவுக்கு லாசரு உயிர்த்தெழுந்த அதிகாரத்தை வாசிக்கிறாள். பத்திரிகை ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தை ஆட்சேபித்துத் திருத்தி எழுத வைத்தார்கள். லாசருவுக்கு ஈஸ்டர் மகிமை இல்லை. நாலு நாள் ஆன பிணம், நாற்றம் அடிக்கும் என்று சகோதரியே சொல்கிறாள். அவன் செய்ய ஒன்றுமே இல்லை. கூப்பிட்டதும் கட்டுகளோடு வெளியே வருகிறான், கட்டுகளைக் கூட மற்றவர்கள்தான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

அணையப்போகும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொலைகாரனும் விலைமகளும் நித்தியப் புத்தகத்தைப் படிக்கும் அந்தக் காட்சியை நபக்கவ் கடுமையாகத் தாக்கினார். மலிவான நாடகம் என்றார். அவனுடைய கொலை விலாவாரியாகக் காட்டப்படுகிறது, அவளுடைய தொழில் ஒருமுறை கூடக் காட்டப்படவில்லை, இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைக்கலாம் என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருப்பதை நபக்கவ் கணக்கில் எடுக்கவில்லை.

சோனியா வாசிக்கும் அந்தப் புத்தகம் லிசவேத்தா கொண்டுவந்து கொடுத்தது. அடகுக்காரக் கிழவியின் தங்கை, கிழவியிடம் அடிமை மாதிரி உழைத்தவள். கொலை நடந்த வீட்டுக்குள் எதிர்பாராமல் வந்துவிட்டதால் வெட்டுப்பட்டவள். கோடாரி உயர்ந்தபோது முகத்தை மறைக்கக் கூட அவளுக்குத் தோன்றவில்லை, இடது கையைக் கொஞ்சம் முன்னால் தூக்கினாள், அவ்வளவுதான். கிழவியைக் கொல்ல ரஸ்கோல்னிகோவிடம் ஒரு தத்துவம் இருந்தது. லிசவேத்தாவைக் கொல்ல எந்தத் தத்துவமும் இல்லை. அதனால்தான் அவளைப் பற்றி அவன் யோசிப்பதே இல்லை. ஏன் யோசிப்பதில்லை என்று ஒருமுறை அவனே ஆச்சரியப்படுகிறான்.

சோனியாவும் லிசவேத்தாவும் தோழிகள், சேர்ந்து வாசித்தவர்கள். சோனியா தன் திருவுருவப் படத்தைக் கொடுத்து லிசவேத்தாவின் செம்புச் சிலுவையை வாங்கிக்கொண்டவள். ரஸ்கோல்னிகோவ் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகும்போது மரச் சிலுவையை அவனுக்குப் போட்டுவிட்டு, செத்தவளின் செம்புச் சிலுவையைத் தனக்கு வைத்துக்கொள்கிறாள். கொன்றவனோடு நடந்துகொண்டே கொல்லப்பட்டவளையும் சுமக்கிறாள். அவனை மன்னிப்பதற்காக அவளை மறக்கவில்லை.

பின்னுரை சைபீரியாவில். எட்டு வருஷத் தண்டனை. ரஸ்கோல்னிகோவ் மனம் வருந்தவே இல்லை. தான் தோற்றுவிட்டதில்தான் வெட்கப்படுகிறான். சக கைதிகள் அவனை வெறுக்கிறார்கள், சோனியாவை அம்மா என்கிறார்கள். ஈஸ்டர் காலத்தில் காய்ச்சலில் கிடந்து, உலகம் முழுக்கக் கொள்ளைநோய் பரவி ஒவ்வொருவனும் தானே உண்மை என்று வெறிபிடித்து அழிவதாகக் கனவு காண்கிறான். பிறகு ஒரு காலை ஆற்றங்கரையில், அக்கரை நாடோடிக் கூடாரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, ஏதோ ஒன்று அவனைத் தூக்கி சோனியாவின் காலடியில் எறிந்தது போலாகிறது. எழுவாயைக் கவனியுங்கள். அவன் விழவில்லை. ஏதோ ஒன்று எறிகிறது. நிக்கொதேமுவின் காற்று இங்கே வீசிவிட்டது.

மச்சூல்ஸ்கி போன்ற பெரிய விமர்சகர்களே இந்த முடிவை நம்பவில்லை, பக்திப்பொய் என்று ஒதுக்கினார்கள். முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது மாற்றி நினைக்கிறேன். காரணமில்லாமல் நடக்கிறது என்பதுதான் புகார். பிறப்பைப் பொறுத்தவரை அதுவே அதன் இலக்கணம். அதோடு, தஸ்தயேவ்ஸ்கி அவனுக்கு ஐந்து கட்டளைகளைக் கொடுத்துவிடவில்லை. தலையணைக்கு அடியில் புத்தகம் இருக்கிறது, கையிலெடுக்கிறான், திறக்கவில்லை. இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருக்கிறது. அந்தப் புது வாழ்வுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும், அது வேறொரு கதை என்று முடித்துவிடுகிறார். தல்ஸ்தோயைவிட இங்கே அவருக்கு அடக்கம் அதிகம்.

ஆனால் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. சோனியா லாசருவைப் படித்துக்காட்டிய அதே புத்தகம் அது என்று தஸ்தயேவ்ஸ்கி நினைவூட்டுகிறார். லிசவேத்தாவின் புத்தகம் என்று நினைவூட்டுவதில்லை. புது வாழ்வைச் சொல்லும் அந்தக் கடைசிப் பக்கங்களில் அவள் பெயரே வருவதில்லை. கொலைகாரனின் தலைக்கு அடியில் செத்தவளின் புத்தகம் இருக்கிறது என்பதை நாமாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகத்தை அவன் என்றாவது திறந்தால், அது யார் கை பட்ட புத்தகம் என்பது அவனுக்கு உறைக்குமா? அந்த ஏழு வருஷத்தின் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

4

லூக்கா நற்செய்தியில் சகேயு என்ற வரிவசூல்காரன் வருகிறான். அவன் மறுபடியும் பிறந்தான் என்று யாரும் சொல்லவில்லை, அந்தச் சொல்லே லூக்காவில் இல்லை. இயேசு அவன் வீட்டுக்கு வருகிறார். அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் இயேசு, இன்று இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். கொடை முதலில் வந்துவிட்டது, கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆனால் வந்தது அடையாளம் தெரிவது அடுத்தவன் கணக்கில்.

தல்ஸ்தோயிடம் இந்த நாலு மடங்கு இருக்கிறது, கேட்காமல் வருகிற விருந்தாளி இல்லை. தஸ்தயேவ்ஸ்கியிடம் விருந்தாளி வந்துவிடுகிறார், நாலு மடங்கு இன்னும் எழுதப்படாத கதையில் இருக்கிறது. செத்துப்போன லிசவேத்தாவுக்கு யார் எதைத் திருப்பித் தருவது என்ற கேள்விக்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. கிறிஸ்தவம் அதற்கு உயிர்த்தெழுதல் என்றே பதில் சொல்கிறது, அதாவது அவளும் எழுந்து வரவேண்டும் என்கிறது. லிசவேத்தா கடவுளைக் காண்பாள் என்று சோனியா சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. கொன்றவன் மட்டும் எழுந்து, கொல்லப்பட்டவள் மண்ணிலேயே கிடந்தால் அதற்குப் பெயர் உயிர்த்தெழுதல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறப்பு என்ற உவமையில் இன்னொன்றும் உண்டு. பிறந்தவனுக்குத் தான் பிறந்தது ஞாபகம் இருப்பதில்லை. அவன் பிறந்த நேரத்தை அவனுக்குச் சொல்வது அம்மா, மருத்துவச்சி, பக்கத்து வீட்டுப் பாட்டி. மறுபடியும் பிறந்தவனுக்கும் அது பொருந்துமென்றால், சாட்சி சொல்ல வேண்டியவன் அவன் அல்ல. அவனோடு வாழ்ந்தவர்கள்.

சித்தப்பா கடைசி ஏழெட்டு வருஷம் கன்வென்ஷனில் மேடையேறவில்லை. பாஸ்டர் கூப்பிட்டும் போகவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி வீட்டிலேயே இருந்துவிடுவார். முட்டு வலி என்று நாங்கள் நினைத்தோம். அவர் போன பிறகு, நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பின், சித்தி பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஒரு வருஷம் சாட்சிக்குக் கெளம்பி நின்னாக. சட்டைக்கு பட்டன் போட்டுக்கிட்டே என் கையப் பாத்தாக. அது கோணலாத்தான சேந்துச்சு. பாத்துட்டு சட்டையக் கழத்திப் போட்டுட்டு ஒக்காந்துட்டாக. அதுக்கப்புறந்தான் ஐயா எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு."